இஸ்திரி வண்டியில் விசாரித்த சம்பந்தம்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். ஆறாவது வாத்தியாருக்கு என்னைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, அவர் பட்டாரோ என்னவோ. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் பட்டறை வைத்தேன். தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் ஓடிய லாரியும் வேனும் பாதிக்கு மேல் என் ரப்பரில்தான் உருண்டன. இது பெருமைப் பேச்சு என்பார்கள். சொல்கிறவர்கள் அந்தக் காலத்தில் தாங்கள் ஏறிய வண்டியின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அப்படிப்பட்டவனுடைய மகள் பைலட் ஆனாள்.

கிழக்குத் தாம்பரத்தில் பிளேன் சத்தம் கேட்காத வீடு கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடும். இவள் மட்டும் சோறு ஆறுகிற வரைக்கும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "அப்பா, நான் அதை ஓட்டணும்" என்றாள். மேடவாக்கத்தில் எங்கள் அப்பா காலத்து நிலம் ஒன்று, ஏரித் தண்ணீர் வராமல் சும்மா கிடந்தது. அதை விற்றுப் படிக்க வைத்தேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அறிவுரை சொன்னார்கள். அதில் ஒருவர்கூட அந்த நிலத்தில் ஒரு நாள் இறங்கிக் களை பிடுங்கினவர் இல்லை. "மாப்பிள்ளை பார்க்கவேண்டிய வயசுல பொண்ணை மேலே அனுப்பறியே" என்றார்கள். மேலே அனுப்புவது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம். அந்த அர்த்தத்தில் சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அவள் லைசென்ஸ் வாங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது ஃபைனான்ஸ் கம்பெனியும் பிளேன் கம்பெனியும் ஒரே மழையில் முளைத்தன. தெருமுனையில் போர்டு மாட்டினவன் எல்லாம் சேர்மன். ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகள் எங்கள் மகளை வேலைக்குக் கூப்பிட்டன. ஒன்று பெரிய கம்பெனி. பம்பாய், டெல்லி என்று ஜெட் பிளேன் ஓட்டுகிறவர்கள். இன்னொன்று சின்னது. மெட்ராஸிலிருந்து கோயமுத்தூர், மதுரை, திருச்சி, கொச்சி என்று நம்ம ஊர்களுக்கே போய்த் திரும்பும் பிளேன். இறக்கைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய விசிறி சுற்றும். எங்கள் வீட்டில் அதற்கு ஃபேன் கம்பெனி என்று பேர் வைத்துவிட்டோம்.

"எதுல சேர்ந்தாலும் மூணு வருஷத்துக்கு பாண்ட், அப்பா" என்றாள் மகள். "கையெழுத்துப் போட்டா நடுவுல விட்டுட்டு வர முடியாது. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"நல்ல இடமா பார்த்துப் போட்டுடு. இதுல என்ன இருக்கு?"

"அதான் தெரியல. புதுசா லைசென்ஸ் வாங்கினவளுக்கு எத்தனை மணி நேரம் பறந்தாங்கிற கணக்குதான் சோறு. சேர்த்துக்கிட்டு, பறக்க விடாம உட்கார வெச்சுட்டாங்கன்னா மூணு வருஷம் கழிச்சும் நான் இதே ஆள்தான். அப்புறம் எவனும் எடுக்க மாட்டான்."

"உன் கூடப் படிச்சவங்களைக் கேளேன்."

"கேட்டேன். பெரிய கம்பெனில இருக்கிற சீனியர் சூப்பர் கம்பெனிங்கிறார். சின்னதுல இருக்கிறவரும் சூப்பர் கம்பெனிங்கிறார்."

அது சரிதான். மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கூப்பிட்டு மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்?

இந்தச் சமயத்தில் என் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். வங்கியில் ஆபீசர். பி.காம். படித்தவர், படித்ததை யாரும் மறந்துவிடக்கூடாது என்பதில் கவனமானவர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஆபீஸ் செலவில், பிளேனில் போயிருந்தார். அதன் பிறகு ஆகாயம் சம்பந்தமான எல்லா விஷயத்திலும் அவர்தான் முடிவு.

"மாப்ள, இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. பெரிய கம்பெனி. ஏறினதும் ஈரத்துணி குடுப்பான், சூடா."

"சூடா ஈரத்துணி எதுக்கு மச்சான்?"

"மூஞ்சி துடைக்க. ஸ்டாண்டர்டு அது. அந்த ஃபேன் பிளேன்ல போறதுக்கு டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிக்கலாம்."

"மாமா, நான் துடைச்சுக்கப் போகல. ஓட்டப் போறேன்" என்றாள் மகள்.

"ஓட்டறவங்களுக்கும் குடுப்பான்ம்மா" என்றார் அவர்.

எனக்கும் உள்ளுக்குள் பெரிய கம்பெனி மேல்தான் ஆசை. மறைக்க என்ன இருக்கிறது? மகள் ஜெட் ஓட்டுகிறாள் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவன் வாய் எவ்வளவு அகலம் திறக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஃபேன் என்றால் அவ்வளவு திறக்காது. ஆனாலும் முடிவு என்று வந்தால் நான் விசாரிக்காமல் செய்கிறவன் இல்லை. "எல்லாரும் சும்மா இருங்க. பொண்ணு குடுக்கிற இடத்தை எப்படி விசாரிப்போமோ அப்படி விசாரிச்சுடுவோம்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். முதலில் தட்டு வைத்துக்கொண்டு போய் நேரில் பார்ப்பது. அதில் ஒன்றும் தெரியாது, அன்றைக்கு எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். பிறகு சத்தமில்லாமல் அவர்கள் தெருவில் போய் மளிகைக்கடை, பால்காரர், சலூன், இஸ்திரி வண்டி என்று விசாரிப்பது. உண்மை அங்கேதான் இருக்கும். என் தங்கைக்கு வந்த ஒரு வரனை நான் இப்படித்தான் தட்டிக் கழித்தேன். மாதத்துக்கு ஒரு பால்காரரை மாற்றுகிற வீடு என்று தெரிந்தது. பால்காரரோடு ஒரு மாதம் ஒத்துப்போகாதவர்கள் மருமகளோடு எத்தனை நாள் ஒத்துப்போவார்கள்?

ஆக, தட்டு தயாரானது. வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் மல்லிகைப்பூ. "கம்பெனிக்கு எதுக்கு அப்பா தட்டு?" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெறுங்கையோட போனா மதிக்க மாட்டாங்க" என்றாள் என் மனைவி. வேனில் நாங்கள் நான்கு பேரும் கிளம்பினோம். மச்சான் கோட் போட்டுக்கொண்டார். மே மாதம்.

பெரிய கம்பெனியின் ஆபீஸ் சிட்டிக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவு, தானாகத் திறக்கும். மச்சான் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், உள்ளேயிருந்து யாரோ வருகிறார்கள் என்று நினைத்து. மேனேஜர் என்கிறவர் டை கட்டிக்கொண்டு, எங்கள் தட்டைப் பார்த்ததும் எழுந்து கைகுலுக்கி, "கங்கிராஜுலேஷன்ஸ், எப்போ கல்யாணம்?" என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். என் மனைவி குனிந்து பூவைச் சரிசெய்தாள். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மட்டும் வருகிற சிரிப்பு, உதடு பிரியாது.

"சேர்ந்தவங்களை எப்ப சார் பறக்க விடுவீங்க?" என்று நானே கேட்டேன்.

"வெரி சூன் சார். டிரெய்னிங், அப்புறம் லைன். எங்க கிட்ட ஃப்யூச்சர் ரொம்ப பிரைட்."

மச்சான் தலையை ஆட்டினார். அவருக்கும் அந்த வாரத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் இதே பிரைட்டைத்தான் காட்டியிருந்தான். தட்டு மேஜையிலேயே இருந்தது. நாங்கள் வெளியே வரும்வரை யாரும் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

ஃபேன் கம்பெனி மீனம்பாக்கத்திலேயே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. இன்னொரு தட்டோடு போனோம். மேனேஜரும் தலைமை பைலட்டும் ஒரே ஆள்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அங்கேயே உரித்தார். "திருச்சிக்குக் கிளம்பணும், டயம் ஆயிடுச்சு. உங்க பொண்ணை உடனே பறக்க விடுவேன்" என்றார். அதே பதில்தான், பிரைட் மட்டும் இல்லை.

"சாப்பாட்டுக்குக் கூட நேரம் இல்லாத கம்பெனி" என்று மச்சான் என் காதில் சொன்னார்.

வெளியே ஒரு பிளேன் நின்றது. என் கண் எங்கே போகும்? டயருக்குத்தான் போனது. குனிந்து தடவிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ரப்பரா? பக்கத்தில் இருந்த மெக்கானிக்கைக் கேட்டேன்: "தம்பி, இது மறுரப்பர் போட்டதுதானே?"

"ஆமா சார். பிளேன் டயருக்கு மறுபடி மறுபடி போடுவாங்க. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்."

என் நெஞ்சு நிமிர்ந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் பறக்கிற ராஜா, மந்திரி எல்லோரும் இறங்குவது என் தொழிலின் மேல்தான். மச்சானுக்கோ முகம் வெளுத்துவிட்டது. "ரீட்ரேடா?" என்று கேட்டவர், ஆபீஸ் செலவில் போன அந்த ஒரே பயணத்தை நினைத்து அங்கேயே ஒரு தடவை சாமி கும்பிட்டுக்கொண்டார்.

இனி இரண்டாவது விசாரணை. இரண்டு கம்பெனி பைலட்டுகளும் பழவந்தாங்கல் பக்கம் ஒரே தெருவில் வாடகை ஃபிளாட்டுகளில் இருந்தார்கள். தெருமுனையில் புங்கமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. சனிக்கிழமை காலையில் நான் மட்டும் போனேன். இந்த வேலைக்குக் கூட்டம் ஆகாது.

"இன்னா சார், துணி எங்க?" என்றார் இஸ்திரிக்காரர். கரியை விசிறிக்கொண்டிருந்தார்.

"துணி இல்லீங்க. இந்தத் தெருவுல பைலட்டுங்க இருக்காங்களாமே."

"கீறாங்களே. ரெண்டு கம்பெனி ஆளுங்களும் கீறாங்க. பொண்ணு குடுக்கப் போறியா?"

நான் என்ன சொல்ல? "அந்த மாதிரிதான்" என்றேன்.

அவர் உடனே உற்சாகமாகிவிட்டார். பெட்டியைத் தாங்கிக்கட்டை மேல் வைத்தார். "கேளு சார். நம்ம கைல துணி வராம இந்தத் தெருவுல ஒருத்தன் மாப்ள ஆவ முடியாது."

"பெரிய கம்பெனி ஆளுங்க எப்படி?"

"அதுல ரெண்டு ரகம். தோள்ல பட்டை நெறைய வெச்ச பெருசுங்க சட்டை டெய்லி வரும். கசங்கி வரும். புதுசா வந்த பசங்க கீறாங்க பாரு, பட்டை கம்மியா வெச்சவங்க, அவுங்க தங்கமான பசங்க சார். சட்டைல ஒரு சுருக்கம் இருக்காது. நான் போட்ட மடிப்பு அப்படியே திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு தரம் தூசி போவ ஒரு இழு இழுத்துக் குடுக்கறேன்."

"அடடா. அந்த இன்னொரு கம்பெனி?"

முகத்தைச் சுளித்தார். "அதுங்க பேஜார் சார். பெருசு, புதுசு எல்லாம் ஒண்ணுதான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முதுகுல பெல்ட்டு போட்ட மாதிரி வேர்வைக் கறை. காலரைப் பார்த்தா கரிச்சட்டினு நெனச்சுக்குவ. நம்ம பெட்டி ஆறவே ஆறாது."

போதாதா? நான் ஒரு டீ குடித்துவிட்டு, அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, ராஜாவைப் போல் தாம்பரத்துக்குத் திரும்பினேன்.

அன்று மதியம் வீட்டில் சபை கூடியது. மச்சான் கோட் இல்லாமல் வந்திருந்தார், ஆனாலும் கோட் போட்டவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். நான் விசாரணையை விவரமாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. என் ஞாபகசக்திக்கு நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டதில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மச்சான். "சட்டைல சுருக்கம் இல்ல. அதான் ஸ்டாண்டர்டு. ஏ.சி. ஆபீஸ், ஏ.சி. பிளேன். அந்தப் பக்கம் பாரு, கரிச்சட்டி காலர். பொண்ணைக் கசக்கிப் பிழிஞ்சுடுவான்."

"காலரை நான்தான் தோய்க்கணும்" என்றாள் என் மனைவி. அவள் கவலை அவளுக்கு.

"முடிஞ்சுது. பெரிய கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுடும்மா" என்றேன் நான்.

மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்பா, பட்டறைக்கு ஒருத்தர் டயர் எடுத்துட்டு வர்றார். ஓடின டயர்தான், நல்லா ஓடினதுன்னு சொல்றார். ஆனா டயர் மேல அந்தச் சின்னச் சின்ன ரப்பர் முடி அப்படியே நிக்குது. நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஐந்தாவதும் தேவையில்லை. புது டயர் அச்சிலிருந்து வரும்போது மேலெல்லாம் மெல்லிய முடி மாதிரி ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். ரோட்டில் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே உதிர்ந்துவிடும்.

"ரோட்டுலயே இறங்காத டயர்னு சொல்வேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஏ.சி.ல உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டு மணிக்கணக்கா உட்கார்ந்தா சட்டை கசங்கும்ப்பா. அவங்க பெரியவங்க சட்டையே கசங்கித்தான் வருதுன்னு இஸ்திரிக்காரரே சொல்லியிருக்கார். புதுசா சேர்ந்தவங்களை மட்டும் அவங்க பறக்க விடல. யூனிஃபார்ம் போட்டு ஆபீஸ்ல நிக்க வெச்சுட்டுத் திருப்பி அனுப்பறாங்க. ஃபேன் கம்பெனில புதுசோட சட்டையும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை நனையுது."

மச்சான் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். வங்கியிலிருந்து நேராக வந்தவர். ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஈரத்துணி குடுக்க மாட்டான்" என்றார், கடைசி முயற்சியாக.

"வேர்வைலயே ஈரமாயிடும் மாமா" என்றாள் மகள்.

திங்கட்கிழமை ஃபேன் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டாள். அவளாகவே கண்டுபிடித்தாள் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும். இஸ்திரி வண்டிக்குப் போனது யார்? டயர் பட்டறை வைத்தது யார்? கத்திரிக்காய் வாங்கிவந்தவனை விட்டுவிட்டுக் குழம்பு வைத்தவளைப் புகழ்வது இந்த நாட்டில் புதுசா?

இஸ்திரிக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மகள் கோயமுத்தூர் போய்வந்தாள், கொச்சி போய்வந்தாள், மறுபடி மதுரை. வாரக்கடைசியில் தாம்பரத்துக்கு மூட்டையாகச் சட்டைகள் வந்தன. என் மனைவி துணிதோய்க்கும் கல்லில் காலரை வைத்துத் தேய்த்தபடி பிளேன் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். பெரிய கம்பெனியில் சேர்ந்த புதியவர்கள் மடிப்புக் கலையாமல் காத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கம்பெனியே ஷட்டரை இறக்கியது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்ததாக மச்சானே வந்து சொன்னார். "மார்க்கெட் நிலவரம்" என்றார். அவர் பணம் போட்ட ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அப்போது அதே நிலவரம்தான் என்பதால் நான் மேலே கிளறவில்லை.

இதற்கிடையில் நான் ஊருக்கெல்லாம் ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தேன். "என் பொண்ணு உட்கார்றது வலது பக்க சீட்டு" என்று. லாரி, பஸ், கார் எதுவானாலும் நம்ம ஊரில் வலது பக்கம் உட்காருகிறவன்தான் டிரைவர், இடது பக்கம் கிளீனர். கேட்டவர்கள் எல்லாம் வாய் திறந்தார்கள், நான் எதிர்பார்த்த அகலத்துக்கு. பிளேனில் அது தலைகீழ் என்றும், கேப்டன் இடது பக்கம், கூட ஓட்டுகிறவர் வலது பக்கம் என்றும் மகள் எனக்கு முதல் மாதமே சொல்லிவிட்டாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. வலது பக்கம்தானே உட்கார்ந்தாள்?

பாண்ட் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, சட்டை மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, இடது பக்கம் மாத்திட்டாங்க" என்றாள். மணிக்கணக்கு சேர்ந்துவிட்டது, பரீட்சையும் முடிந்துவிட்டது. தோளில் ஒரு பட்டை கூடியிருந்தது. நான் அந்தப் பட்டையை டயரைத் தடவுகிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பேச வரவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம், அதனால் எழுதி வைக்கிறேன்.

சேதி சொந்தத்தில் பரவியது. எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள், என் மனைவி போனில் சொன்னது இரண்டே வார்த்தை: "இடது பக்கமாம்." மறுநாள் சாயங்காலமே மச்சான் வந்துவிட்டார். கையில் பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில், முகத்தில் துக்கம்.

"கேள்விப்பட்டேன் மாப்ள" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டார். "இடது பக்கம் இறக்கிட்டாங்களாமே. ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?"

நான் பெருமூச்சு விட்டேன்.

"அன்னிக்கே சொன்னேன். சின்னக் கம்பெனின்னா இப்படித்தான். இத்தனை வருஷம் டிரைவர் சீட்ல உட்கார்ந்தவளைத் தூக்கிக் கிளீனர் பக்கம் போட்டுட்டானுங்க. சரி, மனசைத் தளர விடக்கூடாது. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கிறார். பேசிப் பார்க்கட்டுமா?"

உள்ளே கதவுக்குப் பின்னால் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், விடிந்தால் திருச்சி.

"வேண்டாம் மச்சான்" என்றேன். "அவ தலையெழுத்து அந்தப் பக்கம்தான் போல. அனுசரிச்சுக்கட்டும்."

அவர் ஆறுதல் சொல்லிவிட்டு, இரண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, கிளம்பினார். வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஹார்லிக்ஸை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். கேப்டன் உடம்புக்கு நல்லது.